செய்தியின் வால்

எனக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. கதிரையில் இருந்தால் கால் ஆடும், எழும்பி நின்றால் கை எதையாவது கிள்ளிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட என்னைத்தான் யுத்த காலத்தில் திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், ஜன்னல் எப்போதும் சாத்தியிருந்த அறைக்குள், ஒரு கணினிக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தினார்கள். பக்கத்து மதிலோரம் ஊர் மான்கள் வந்து நின்று குப்பைக் கடதாசி மென்றுகொண்டிருக்கும். அவைகூட என்னைவிடப் பொறுமையாக இருப்பதாகப் பொறுப்பாளர் பகிடி பண்ணுவார்.

அது ஒரு சின்ன அலுவலகம். காணாமல் போனவர்களின் வீட்டார் வந்து நடந்ததைச் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்வது பொறுப்பாளரின் வேலை. கிண்ணியாவிலிருந்து தினமும் படகுப் பாதை என்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைத் தாண்டி வருகிறவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவர் எழுதியதை நான் தமிழில் தட்டச்சு செய்து, குறியாக்க மென்பொருளில் போட்டுப் பூட்டி, தொலைபேசி இணைப்பு வழியாகக் கொழும்பிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். அங்கே சாவிச்சொல் தெரிந்தவர்கள் திறந்து வாசிப்பார்கள். வழியில் யார் கையில் அகப்பட்டாலும் அது தலைகால் புரியாத குப்பை. எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். வருகிற சனத்துக்கும் நான் அதையே சொல்வேன். “பயப்படாதேங்கோ, பூட்டித்தான் அனுப்புறனாங்கள்.” இந்த வசனம் எனக்கு வாய்ப்பாடமாகியிருந்தது.

எங்கள் கணினியைக் காலையில் எழுப்பினால் மாலை வரை நிற்பாட்டமாட்டோம். எல்லாம் கரண்டின் திருவிளையாட்டு. எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல ஏலாது. மேசைக்குக் கீழே ஒரு பற்றரிப் பெட்டி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அது கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் நின்றுபோனதை எழுப்பும் பலம் அதற்கு இல்லை. ஆகவே ஓடுவதை நிற்பாட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். நானா அதை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்கு மேலே ஒட்டியிருந்தார். ஊரில் அநேகமான அலுவலகங்களில் அதே சட்டம்தான்.

ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். தலைமை அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள், என் வயதுக்காரி. அத்தனை சோதனைச் சாவடிகளிலும் இறங்கி ஏறி, பஸ்ஸில் வந்திருந்தாள். தேத்தண்ணி கொடுத்தபோது அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்?

அவள் சொன்னது இதுதான். எங்கள் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது ஒவ்வொரு செய்தியையும் ஒரே அளவான பொட்டலங்களாக வெட்டிப் பூட்டி அனுப்புகிறது. கடைசிப் பொட்டலத்தில் மிச்ச இடம் இருந்தால் அதை நிரப்ப எதையாவது போடவேண்டுமே. அந்த இடத்தில், கணினியின் நினைவகத்தில் அந்த நேரம் கிடப்பதை அள்ளிப் போட்டுவிடுகிறது. செய்தி பூட்டப்படுகிறது. இந்த வால் மட்டும் பூட்டப்படாமலே வெளியே போகிறது.

நானாவுக்கு விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. கடையில் சீனி சுற்றித் தரும் தாளில் யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை விடை இருக்கும். சீனி பத்திரமாக உள்ளே இருக்கும், அந்தப் பிள்ளை பிழைவிட்ட கணக்கு ஊருக்கே தெரியும். அப்படித்தான் என்று நானாவுக்குச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

மென்பொருளைச் செய்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், திருத்திய பதிப்பு வரக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்றாள். அதுவரை ஒவ்வொரு செய்தியை அனுப்பிய பிறகும் கணினியை முழுவதுமாக நிற்பாட்டித் திரும்ப எழுப்ப வேண்டும். அப்போதுதான் நினைவகம் வெறுமையாகும். சாவிச்சொற்களை எல்லாம் மாற்ற வேண்டும். இதுவரை அனுப்பியவற்றின் வால்களில் இருந்ததை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

“ஆரு பாத்த?” என்று நானா கேட்டார்.

அது தெரியாது என்றாள். யாரும் பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஓட்டை இருப்பது மட்டும்தான் நிச்சயம்.

அவள் சொல்லி முடிக்க நான் நானாவின் மட்டையை அண்ணாந்து பார்த்தேன். மற்ற ஊர்களிலுள்ள எங்கள் கிளை அலுவலகங்களில் வேலை முடிந்ததும் கணினியை நிற்பாட்டிவிடுவார்களாம். அவர்களின் வால்களில் பெரிதாக ஒன்றும் இல்லையாம். எங்களுடையதோ காலை முதல் மாலை வரை தட்டிய அத்தனையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

பழைய செய்திகளைத் திறந்து வால்களைப் பார்த்தோம். முதலில் எல்லாம் பூட்டிய குப்பை. கடைசியில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் ஒழுங்காக நின்றன. நானாவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு அப்படி. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்ட மாதிரி. எழுத்துருவை எடுத்துவிட்டால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இது எங்களுக்கு இரண்டாவது பூட்டு என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். சும்மா நினைக்கவில்லை, அதை ஒரு கெட்டித்தனமாகவே நினைத்திருந்தோம்.

“இத ஆரு வாசிக்கிற தங்கச்சி? எலி ஓடின மாதிரி இரிக்கி.”

நான் வாசித்தேன். முகமூடி இல்லாமலே, கண்ணால் பார்த்து, சத்தமாக வாசித்தேன். ஜே, கே, அரைப்புள்ளி, ஜி என்று வந்தால் அது ‘தம்ப’ என்று என் விரலுக்கே தெரியும். விரல் பழகியதைக் கண்ணும் பழகிவிடும். எனக்கு மட்டுமல்ல. கல்யாணக் கார்டு அச்சடிக்கும் கடைப் பெட்டைகளுக்குத் தெரியும், தொலைபேசி, போட்டோகொப்பி எடுக்கும் கொமினிகேசன் கடைக்காரருக்குத் தெரியும், மாவட்டக் காரியாலயமான கச்சேரியில் கடிதம் அடிப்பவர்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் கணினியில் தமிழ் அடித்த எவருக்கும் தெரியும். நானாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நான் சத்தமாக வாசித்தது ஒரு மனிதர் ஒளிந்திருக்கும் இடம். அவர் துறைமுகத்தில் தோணி ஓட்டுபவர். இறங்குதுறையில் வைத்து இரண்டு இளைஞர்களை இலக்கத்தகடு இல்லாத வான் ஒன்றில் இழுத்து ஏற்றியதைக் கண்டவர். கண்டவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள், வந்து சொன்னவர் இவர் ஒருவர்தான். சொன்ன கையோடு உப்புவெளி வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைத்தாச்சி மனைவியுடன் தம்பலகாமத்தில் மனைவியின் மாமியின் வீட்டு வளவுக்குப் போய்விட்டார். போன இடத்தைக் கொழும்புக்குத் தெரிவித்திருந்தோம். அந்தச் செய்தி ஒழுங்காகப் பூட்டியே போயிருந்தது. அதற்கு அடுத்ததாக, எங்களுக்கு இரண்டு கதிரை தேவை என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பியிருந்தோம். சின்னச் செய்தி என்றால் மிச்ச இடம் கூட. அந்த இரண்டு கதிரைகளுக்குப் பின்னால் அவருடைய பெயர், குளக்கட்டு, மாமியின் வளவு எல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த நாளே நான் தம்பலகாமத்துக்குப் போனேன். பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாவடியில் இறங்கி நடக்கச் சொன்னபோதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, நடக்கவாவது கிடைத்ததே என்று. வளவில் சூடடித்த நெல் குவிந்து கிடந்தது. அவர் உழவு இயந்திரத்தின் சக்கரத்தடியில் ஏதோ பூட்டிக்கொண்டிருந்தார். கடல்காரனுக்கு வயல் வேலை சரிவரவில்லை என்று கையிலிருந்த காயங்களே சொல்லின. மனைவி வாசலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். வயிறு இறங்கியிருந்தது.

நான் ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். சீனித் தாளின் கதையையும் சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப ஆரோ வாசிச்சிட்டாங்களோ?”

“தெரியாது அண்ணை.”

“வாசிக்கேல்லை எண்டு சொல்ல ஏலுமோ?”

“அதும் ஏலாது.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “மிஸ், இவவுக்கு இந்த மாதம். ‘தெரியாது’ எண்ட ஒரு சொல்லுக்காக நான் இவவை விட்டிட்டு ஓட ஏலுமோ? தெரிஞ்சா வந்து சொல்லுங்கோ. அண்டைக்கே போறன்.”

திரும்பி வரும்போது எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு கொழும்புப் பெண் மேல் வந்தது, கதிரை கேட்ட நானா மேல் வந்தது, கதிரையின் மேலும் வந்தது. யாரைத் திட்டினாலும் அந்த ‘தெரியாது’ அப்படியே கிடந்தது. எனக்குத் தெரிந்தவரை உலகத்தில் ஆளைத் தின்னும் சொல் அதுதான். செத்தாரா, இருக்கிறாரா என்று தெரியாமல் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எதைச் சுமந்துகொண்டு வந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சமாவது உறைத்தது.

அலுவலகத்தில் கொழும்புப் பெண் சொன்னபடி செய்து பார்த்தோம். முதல் செய்தியை அனுப்பிவிட்டுக் கணினியை நிற்பாட்டினேன். எதிர்பார்த்த மாதிரியே கரண்ட் போனது. மூதூரிலிருந்து வந்த ஒரு தாய் பின்னேரம் வரை வாங்கில் காத்திருந்துவிட்டு எழும்பிப் போனார். நானா கழற்றி வைத்த மட்டையை எடுத்துத் திரும்ப ஒட்டினார்.

அப்போதுதான் எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. கடைசியாக எதைத் தட்டுகிறோமோ அதுதான் பெரும்பாலும் வாலில் அகப்படுகிறது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அப்படியானால் ஒவ்வொரு செய்தியை அனுப்புவதற்கு முன்னும் ஒன்றுக்கும் உதவாத எதையாவது நீளமாகத் தட்டிவிட்டால் என்ன? வாலில் அந்தக் குப்பைதானே போகும். பெயர் குறிப்பிடாமல் சுற்றிவளைத்துத் தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். முழுப் பாதுகாப்பு இல்லை, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது பரவாயில்லை என்றாள்.

முதலில் பெருக்கல் வாய்ப்பாடு தட்டினேன். அலுத்துவிட்டது. பிறகு நண்டுக் கறி வைக்கும் விதம் தட்டினேன். அதுவும் எத்தனை தரம்? கடைசியில் ஒரு கல்யாணப் பேச்சைத் தொடங்கினேன். துறைமுகத்துப் பெண் ஒருத்தி, மீன் மாதிரி நீந்துவாள். மாப்பிள்ளை உள்ளூர்க்காரன் இல்லை, தண்ணீரைக் கண்டாலே பயம். பெண் பார்க்க வந்தவன் தோணியில் ஏறமாட்டேன் என்கிறான், அவளோ கடலில் இறங்கத் துணிவில்லாதவனைக் கட்டமாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு செய்திக்கு முன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. எனக்கே அதில் ருசி பிடித்துவிட்டது. காலையில் வந்ததும் நானா, “கல்யாணம் எதில நிக்கிது?” என்று கேட்பார். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே சிரிப்பு அதுதான். தம்பலகாமத்திலிருந்தும் கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. யாரும் வாசிக்கவில்லை என்று நான் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினேன்.

ஒரு நாள் காற்றுக்குப் படகுப் பாதை ஓடவில்லை. நானா வரவில்லை. நான் தனியாக இருந்து மூன்று செய்திகளை அனுப்பினேன். கதையில் அன்றைக்கு மாப்பிள்ளையைக் கடலில் இறக்கிவிட்டேன். சறத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இறங்கினான். பின்னேரம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் பேக்கரிக்குப் போனேன். பாண் சூடாக வந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் நல்ல சேட் போட்டு, தலைமயிரை நேர்த்தியாகச் சீவி இழுத்திருந்தார். நான் முன்பின் கண்டதில்லை. காசைக் கொடுத்துக்கொண்டே, தெரிந்த ஆளிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“என்ன தங்கச்சி, மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இறங்கிட்டாராம். இனியாவது பிள்ளை சம்மதிக்குமோ?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாணை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று என்னிடம் கேட்கவேண்டாம். எனக்குத் தெரியாது. என்னைப் பயப்படுத்தக் கேட்டாரோ, பகிடிக்குக் கேட்டாரோ, தான் வாசிப்பதை எனக்கு அறிவித்துக் காப்பாற்ற நினைத்தாரோ, அதுவும் தெரியாது. சில நாள் ஒன்றை நம்புவேன், சில நாள் மற்றதை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியதை அன்று காலையில்தான் தட்டியிருந்தேன். நானாகூட அதை அறியார். ஆகவே ஒன்று மட்டும் தெரிந்துவிட்டது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பாண் பையோடு கண்டி வீதியால் தம்பலகாமம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இந்தப் பஸ் ஏன் இப்படி ஊர்கிறது என்று மனதுக்குள் சாரதியை வாயில் வந்தபடி திட்டினேன். இன்றைக்கு என்றே வந்துவிட்டார்களானால்? நேற்றே வந்திருந்தால்? இத்தனை நாளும் நான் கல்யாணக் கதை எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தேனே.

வளவில் அவர் இருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டார்.

“தெரிஞ்சிட்டுது அண்ணை” என்றேன்.

“நிச்சயமோ?”

“ஓம்.”

சொன்ன சொல்லுக்கு நின்றார். உள்ளே போனார். மனைவியும் அவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சேட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. நெல் ஏற்றிக்கொண்டு புறப்பட இருந்த லொறியில் சாரதிக்குப் பக்கத்தில் ஏறினார். மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் ஒரு ஆளைக் காப்பாற்றியதாக எனக்குத் தோன்றவே இல்லை. அவள் புருஷனை விரட்டிவிட்ட மாதிரித்தான் இருந்தது. கொண்டுவந்த பாணை அவளிடம் கொடுத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

இரண்டு நாள் கழித்து அந்த வளவுக்கு ஆட்கள் வந்தார்கள். பெயர் சொல்லிக் கேட்டார்களாம். மாமி மட்டும்தான் இருந்தார். மனைவி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

திருத்திய மென்பொருள் ஒரு சீடியில் வந்தது. கொழும்புப் பெண்ணே கையில் கொண்டுவந்தாள். பழையதை அழித்து, புதியதை ஏற்றி, சாவிச்சொற்களை இன்னொரு தரம் மாற்றினோம். பிறகு ஒரு செய்தியைப் பூட்டி அதன் வாலைத் திறந்து காட்டினாள். வெறும் பூச்சியங்கள். கீழே கீழே இழுத்துப் பார்த்தேன், பூச்சியத்தைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குத் துள்ள வேண்டும் போல் இருந்தது. நானா அவள் வேண்டாம் என்றும் கேளாமல் மூன்று பேருக்கும் புரியாணி எடுப்பித்தார்.

அந்தக் கிழமையே தோணிக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். பெண் பிள்ளை. கணவருக்கு அறிவிக்க வேண்டும் என்றாள். அவர் எங்கே இருக்கிறார் என்பது கொழும்பில் இரண்டொருவருக்குத்தான் தெரியும். அவர்கள் வழியாகத்தான் சொல்லலாம். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று தட்டிவிட்டு, பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டேன். குனிந்து என் காதுக்குள் சொன்னாள். நான் விசைப்பலகையில் கை வைத்ததும் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

“பேரைப் போடாதேங்கோ அக்கா.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை பாடுபட்டுத் திருத்திய பிறகுமா? ஓட்டை அடைத்தாயிற்று, நானே கண்ணால் பார்த்தேன், வாலில் ஒன்றும் இல்லை, தகப்பனுக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் விடுவது பாவம் என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். பிள்ளை விழித்துச் சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்.

“அப்பவும் பூட்டித்தான் அனுப்புறனாங்கள் எண்டுதானே சொன்னனீங்கள்.”

நான் பெயரைப் போடவில்லை. போட்டிருக்கவும் முடியாது.

அவர் கொழும்பு வழியாகப் பெயரைக் கேட்டு அனுப்பினார். பிறகும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் அவளிடம் சொல்வேன், அவள் தலையை ஆட்டி மறுப்பாள். பெயர் தெரிந்தால் பிறப்புப் பதிவைப் பிடிப்பார்கள், பதிவைப் பிடித்தால் பிள்ளையைப் பிடிப்பார்கள், பிள்ளையை வைத்து அவரைப் பிடிப்பார்கள் என்பது அவளுடைய கணக்கு. அவர் கடல் கடந்து போன பிறகு எப்போதாவது தொலைபேசி எடுப்பார். அதிலும் ‘பிள்ளை சாப்பிட்டுது’, ‘பிள்ளை நித்திரை’ என்று மட்டும்தான் சொல்வாள்.

யுத்தம் முடிந்து, எங்கள் அலுவலகத்தையும் மூடிய பிறகுதான் அவர் திரும்பி வந்தார். அன்றைக்கு நானும் உப்புவெளி வீட்டில் இருந்தேன். அவள் என்னை வரச் சொல்லியிருந்தாள். தலை நரைத்து, மெலிந்து, வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். மனைவியைப் பார்த்தார். பெட்டியை அப்படியே மணலில் விட்டுவிட்டு, கேற்றடியில் நின்ற சிறுமிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

“பிள்ளைக்கு என்ன பேர்?”

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் தலையாட்டிய பிறகுதான் சொன்னாள்.